பொட்டு ஒட்டிய பொட்டலங்கள்

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குச் செங்கமலம் வந்து சேர்ந்தபோது, குரு அம்மையார் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கமலத்தைவிட அவர் பத்து வயது இளையவர். அவர் இவளை அக்கா என்பார். சிஷ்யையான இவள் அவரை அம்மா என்பாள். அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

"என்னக்கா, ராத்திரி தூங்கலையா?"

"எங்கம்மா தூங்குறது? நாளைக்குக் களிம்புக் கம்பெனிக்குப் போகணுமே."

முகத்தில் படரும் மங்குக்குச் செங்கமலம் காய்ச்சும் களிம்பு சுற்றுப்பட்டில் நல்ல பேர் வாங்கியிருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க வீட்டு அடுப்பு போதவில்லை. தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருக்கும் தணிகைநாதன், மொத்தமாகக் காய்ச்சித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். நாளைக்கு மாதிரிக்கு ஓர் ஈடு காய்ச்சிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"நல்ல சேதிதானே?"

"பக்குவம் அவர் கைக்குப் போயிடுமேம்மா! போன வருஷம் என் சீயக்காயை அரைச்சுக் குடுத்த மில்லுக்காரர் என்ன செஞ்சாரு? அதையே வேற பேர்ல வித்தாரு. போய்க் கேட்டா, 'சீயக்கா என்ன உங்க பாட்டன் சொத்தா?'ன்னு சிரிச்சாரு. இந்தக் களிம்பும் போச்சுன்னா எனக்குன்னு ஒண்ணுமே இல்ல."

"சரி, அதுக்கு என்ன ஏற்பாடு செஞ்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் செங்கமலம் பையைத் திறந்தாள். பொட்டலங்களும் புட்டிகளும் வெளியே வந்தன. எதிலும் பெயரில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"எந்தப் பொட்டுக்கு அப்புறம் எந்தப் பொட்டுன்னு மட்டும்தான் சொல்லுவேன். மத்ததை யாரும் பாக்காத நேரமாப் பாத்து நானே செஞ்சுக்குவேன். இதுல ஓட்டை ஏதும் இருக்காம்மா?"

அம்மையார் கீரையை ஒதுக்கி வைத்தார். "காய்ச்சிப் பாத்தாத் தெரியும். நீங்க அப்படி உக்காருங்க. நான்தான் தணிகைநாதன்."

"அவருக்குப் பெரிய மீசைம்மா."

"மீசையா காய்ச்சப் போகுது? வரிசையைச் சொல்லுங்க."

"மஞ்சள், வெள்ளை, பச்சை, நீலம்."

அம்மையார் சட்டியை அடுப்பில் ஏற்றினார். மஞ்சள் பொட்டுப் புட்டியிலிருந்து எண்ணெய் இறங்கியது. வெள்ளைப் பொட்டலத்திலிருந்து கட்டியாக ஒன்று விழுந்தது. தீ நாக்கை நீட்டி எரிந்தது. அம்மையார் ஜன்னல் வழியே கொய்யா மரத்தில் அணில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கமலம் சேலைத் தலைப்பை முறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள்.

"தீயைக் கொஞ்சம் குறைங்கம்மா."

"அதுக்கு எந்தப் பொட்டு?"

"பொட்டெல்லாம் இல்ல. மெழுகு உருகினாப் போதும். புகைய விட்டா வாடை வந்துடும்."

அம்மையார் தீயைக் குறைத்தார். பச்சைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெளிர்மஞ்சளாய்த் தூள். ஒரு பிடி அள்ளிச் சட்டிக்கு மேலே கொண்டுபோனார்.

செங்கமலம் எழுந்தே விட்டாள்.

"ஐயோ, அப்படியே போட்டா மூஞ்சியில மணலைத் தேய்ச்ச மாதிரி இருக்கும்! அதிமதுரம்மா அது! பன்னீர்ல ஊறப்போட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணியைத்தான் சேக்கணும்."

"அப்படியா? அப்போ தண்ணியை இப்ப ஊத்தலாமா?" அம்மையார் நீலப் பொட்டுப் புட்டியின் மூடியைத் திருகினார். பன்னீர் வாசம் வந்தது.

"இந்தச் சூட்டுலயா? முதல்ல சட்டியை இறக்குங்க. ஒரு சொட்டு மணிக்கட்டுல வச்சா வெதுவெதுன்னு இருக்கணும். அப்புறம்தான் சொட்டுச் சொட்டா விடணும். கையை நிறுத்தாமக் கலக்கணும். நிறுத்தினீங்க, எண்ணெய் தனி, தண்ணி தனின்னு பிரிஞ்சுடும். அந்தச் சூட்டுலதானே இந்தக் களிம்போட உயிரே..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மையார் புட்டியைக் கீழே வைத்தார்.

"வேணும்னேதானே கெடுத்தீங்க?" என்றாள் செங்கமலம்.

"இல்லக்கா. எனக்குக் காய்ச்சத் தெரியாது. தணிகைநாதனுக்கும் தெரியாது."

"நீங்க ஒரு வார்த்தைகூடக் கேக்கலையேம்மா. நானால்ல எல்லாத்தையும் கொட்டிட்டேன்!"

"ஆமா."

"அப்போ நாளைக்குப் போகாம இருந்துடவா? சரக்கை மட்டும் அனுப்பிட்டு வீட்டுலயே இருந்துடுறேன்."

"இருப்பீங்களா?"

"எப்படிம்மா இருப்பேன்? அவங்க தீய்ச்சுப்புடுவாங்களே."

"சரி, போங்க. போய் வாயைத் திறக்காம நில்லுங்க."

சட்டி எப்போதோ கீழே இறங்கியிருந்தது. கரண்டியை எப்போது வாங்கினாள் என்று செங்கமலத்துக்கே தெரியாது. அது அவள் கையில்தான் இருந்தது. உருகிய மெழுகு ஓரத்தில் கட்டிவிடாமல் இருக்க அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"முடியாதும்மா" என்றாள் கடைசியில். "பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க என்னால முடியாது. இப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

அம்மையார் கீரைக்கட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்குவம் உங்களது, வேற யாருக்கும் இதைக் காய்ச்ச மாட்டேன், வெளியே சொல்ல மாட்டேன்னு அவர்கிட்ட எழுதிக் கையெழுத்து வாங்குங்க. அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்கக்கா. பத்த வச்சுட்டா உங்களால எதையும் மறைக்க முடியாது."