ராசா தலைக்கு மேலே ஒரு காக்கா

கிட்ட வந்து உட்காருங்க. தலையைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்க. ஏனென்றால் இது தலையை உசத்தப்போய் ஒரு ராச வம்சமே அந்தரத்தில் தொங்கின கதை.

பெருங்கொம்புக் கோட்டை என்று ஒரு ராச்சியம். அதை ஆண்டவர் நெடுமுடி ராசா. பேருதான் நெடுமுடி. ஆள் உரலுக்குப் பக்கத்தில் நின்றால் உரல்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த வம்சத்துக்கு ஒரு கௌரவம் உண்டு: ராசா தலைக்கு மேலே எந்தத் தலையும் இருக்கக் கூடாது. அதனால் மந்திரி முதல் மாடு மேய்க்கிறவன் வரை அரண்மனைக்குள்ளே முட்டிபோட்டுத்தான் நடப்பார்கள். சமையல்காரன் கொஞ்சம் நெட்டை. அவனுக்காகக் குழி வெட்டி, அடுப்பையும் குழிக்குள்ளேயே இறக்கிவிட்டார்கள்.

கோட்டை வாசலில் ஒரு கல் யாளி உண்டு. ராசா செத்தால் அதற்கு உயிர் வந்துவிடும். பொழுது சாயும் நேரம் உள்ளே வந்து, "யாரு ராசா?" என்று ஒரே ஒரு தரம் கேட்கும். ஒரு பேர் சொன்னால் திரும்பக் கல்லாகிவிடும். ரெண்டு பேர் சொன்னாலோ, பேரே சொல்லாவிட்டாலோ, வம்சத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தின்றுவிட்டுத்தான் போகும்.

நெடுமுடி ராசா ஒருநாள் விடியற்காலையில் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நம்ம கௌரவத்தை மட்டும் விட்டுறாதீங்கடா. ராசா தலைக்கு மேல எந்தத் தலையும் இருக்கக் கூடாது" என்றார். அடுத்த ராசா யார் என்று சொல்ல மறந்துவிட்டார்.

பிள்ளைகள் நாலு பேர். மூத்தவன் வீரகண்டன், நடுவுள்ளவன் தோள்வலியான், கடைசிப் பையன் எட்டிமாறன். மூணு பேருக்கும் மீசை இருந்தது. நாலாவது செம்பி. பெண்பிள்ளை. அவளுக்கு மூளை இருந்தது.

சுடுகாட்டிலிருந்து வந்ததும் வீரகண்டன் யோசித்தான். "அப்பா தெளிவாத்தான் சொல்லியிருக்காரு. எவன் தலைக்கு மேல வேற தலை இல்லையோ, அவன்தான் ராசா." சொல்லிவிட்டுச் சிம்மாசனத்தின் மேல் ஏறி நின்றான்.

"அதுவும் சரிதான்" என்று தோள்வலியான் கூரை மேல் ஏறினான்.

எட்டிமாறன் காவல் கோபுரத்துக்கு ஓடினான். மற்ற ரெண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். கோபுரத்து உச்சியில் ஒரு கொடிமரம். வீரகண்டன் முந்திக்கொண்டு அதன் நுனியைப் பிடித்துவிட்டான். தோள்வலியான் அவன் தோளில் ஏறினான். எட்டிமாறன் தோள்வலியான் தோளில் ஏறினான். கொடிமரம் "கிரீச்" என்றது.

"இப்ப நான்தான் ராசா" என்றான் எட்டிமாறன்.

அப்போது ஒரு காக்கா வந்து அவன் தலையில் உட்கார்ந்தது.

கீழே முட்டிபோட்டபடி அண்ணாந்து பார்த்த மந்திரி பூதிநாதர் தொண்டையைச் செருமினார். "இளவரசே, காக்காவுக்கும் தலை உண்டு."

"அது நம்ம வம்சம் இல்லையேய்யா" என்றான் தோள்வலியான்.

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் மந்திரி. "காலையில உங்க அப்பாவுக்கு வச்ச பிண்டத்தைத் தின்னது இந்தக் காக்காதான். றெக்கையில வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க."

எட்டிமாறன் கண்ணை மட்டும் மேலே உருட்டினான்.

"அப்பாவா?" என்றான் எட்டிமாறன், தலையை ஆட்டாமல்.

"உசரமும் கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு" என்றான் வீரகண்டன்.

"அப்பா என் தலையில வந்து உட்கார்ந்தா, எனக்குத்தான் பட்டம்னு அர்த்தம்."

"இல்லடா மடையா, உன் தலையைவிடத் தன் தலை உசரம்னு காட்ட வந்திருக்காரு" என்றான் தோள்வலியான்.

அந்த நேரம் பார்த்துக் காக்கா எச்சம் போட்டது. "பாத்தீங்களா, அபிசேகம் ஆயிருச்சு" என்றான் எட்டிமாறன். மற்ற ரெண்டு பேருக்கும் வயிறு எரிந்தது. "அப்பா, எனக்கும் கொஞ்சம்" என்று தோள்வலியான் நெற்றியை நீட்டினான்.

செம்பி கோபுரத்தடியில் நின்று மேற்கே பார்த்தாள். சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. வாசலில் யாளி ஒரு காலை அசைத்துச் சோம்பல் முறித்தது. "அண்ணே, யாராச்சும் ஒருத்தர் ராசாவா இருங்க. மத்தவங்க வாயை மூடுங்க. உங்களோட சேத்து என்னையும்தான் அது தின்னும்" என்றாள்.

"நீ ரொம்பத் தாழ்வான இடத்துல நிக்கிறே. பேசாத" என்றான் வீரகண்டன்.

செம்பி சமையல்குழிக்குப் போனாள். பிண்டத்தில் மிச்சமிருந்த சோற்று உருண்டைகளில் ஒன்றை மடியில் முடிந்துகொண்டு, இன்னொன்றைத் தன் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள். காக்கா பார்த்தது. சர்ரென்று இறங்கி அவள் தலையில் உட்கார்ந்து சோற்றைக் கொத்தியது.

பூதிநாதர் பதறிவிட்டார். "ஐயோ, ராசா கீழ இருக்காரு. நீங்க மூணு பேரும் அவர் தலைக்கு மேல இருக்கீங்க."

மூணு பேரும் கொடிமரத்திலிருந்து சறுக்கி, கோபுரப் படிகளில் உருண்டு, முற்றத்தில் வந்து குப்புற விழுந்தார்கள். அதோடு விட்டார்களா? "உங்களைவிட நான்தான் தாழ்வு" என்று வீரகண்டன் மூக்கை மண்ணில் புதைத்தான். "நான் உனக்கும் தாழ்வு" என்று தோள்வலியான் வாய்வரைக்கும் புதைத்தான். எட்டிமாறன் காதுவரைக்கும் போய்விட்டான். மற்ற ரெண்டு பேரும் விடுவார்களா, அவர்களும் காதுவரைக்கும் போனார்கள்.

யாளி உள்ளே வந்தது. "யாரு ராசா?"

தரையிலிருந்து மூணு இடத்தில் புழுதி மட்டும் கிளம்பியது. வாய் முழுக்க மண்.

"செம்பி" என்றாள் செம்பி.

யாளி அவளை ஒரு சுற்று சுற்றி வந்தது. "தலையில என்ன?"

"மகுடம்."

"கரையுதே."

"புதுசு. போகப்போகச் சரியாயிரும்."

யாளி ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு வாசலுக்குப் போய் உட்கார்ந்து கல்லாகிவிட்டது.

செம்பி சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தாள், காக்காவோடு. அண்ணன்மார் மூணு பேரும் மண்ணைத் துப்பிவிட்டு முட்டிபோட்டுச் சுற்றி நின்றார்கள். "அப்பா இருக்கிறவரைக்கும் அவர் கூடவே இருப்போம்" என்றான் வீரகண்டன். "அவர் செத்தப்புறம் நம்ம வழக்கைத் திரும்ப ஆரம்பிப்போம்." மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள்.

செம்பி மடியில் முடிந்திருந்த சோற்று உருண்டையை எடுத்தாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய், கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து, கோட்டைச் சுவருக்கு வெளியே, பக்கத்து ராச்சியம் இருக்கிற திசையில், பலம்கொண்ட மட்டும் வீசினாள்.

காக்கா பறந்தது. "அப்பா புறப்பட்டுட்டாரு" என்று மூணு பேரும் முட்டியாலேயே ஓடினார்கள்.

செம்பி சமையல்காரனைக் கூப்பிட்டு, நாளைக்குக் கொஞ்சம் கெட்டியாக உருட்டச் சொன்னாள். கெட்டியாக இருந்தால் இன்னும் தூரம் போகுமாம்.