இடியன் காதை மடித்தபோது

கடலோரக் காடு ஒன்றில் குரங்குகளும் குதிரைகளும் ஓர் ஒப்பந்தத்தோடு வாழ்ந்தன. குரங்குகள் குதிரைகளின் உடம்பிலிருந்து உண்ணி பிடுங்கும். கோடையில் அக்கரைத் திட்டில் பாலைப்பழம் பழுக்கும்போது, குதிரைகள் குரங்குகளைச் சுமந்துகொண்டு உப்புச் சேற்றைக் கடக்கும். அந்தச் சேற்றில் குரங்கு கால் வைத்தால் இடுப்புவரை புதைந்துவிடும்.

அந்த வருஷம் துடுக்கி என்ற சின்னக் குரங்கு முதன்முறையாகத் தனியாகச் சவாரி போக வேண்டும். அம்மாவின் வயிற்றில் தொங்கிக்கொண்டு போன காலம் முடிந்துவிட்டது. குதிரை கிடைக்காவிட்டால், காய்ந்துபோன இக்கரையில் புளிய இலையை மென்றுகொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"நான் இடியன் மேலதான் ஏறுவேன்" என்று அவள் காடெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

இடியன் குதிரைக் கூட்டத்தின் தலைவன். நல்ல கறுப்பு. எல்லோருக்கும் முன்னால் நடந்து வழிகாட்டுவான். யாரையும் முதுகில் ஏற்றமாட்டான்.

"இடியன் மேலயா? அப்புறம் உன்னை இலையில வழிச்சுத்தான் எடுக்கணும்" என்றான் அவள் மாமன் மகன் கொக்கான்.

"நீ பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுத் துடுக்கி இறங்கிப் போனாள்.

இடியன் அவளைப் பார்த்தான். அவன் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்து பிடரியோடு ஒட்டிக்கொண்டன. துடுக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குரங்குகளிடையே காதைப் பின்னால் மடித்து உதட்டைச் சப்புவதுதான் வணக்கம்.

"பாத்தியா, எனக்கு வணக்கம் சொல்றார்."

அவளும் காதை மடித்து உதட்டைச் சப்பினாள். பெரியவர்களிடம் முதுகுப்பக்கமாகப் போய்ப் பேன் பார்ப்பது குரங்குகளின் மரியாதை. ஆகவே சத்தமில்லாமல் சுற்றிப் போய், இடியனின் வால் பக்கம் கையை நீட்டினாள்.

பின்னங்கால் பறந்தது. அவள் காதோரம் காற்று கிழிந்தது. பக்கத்திலிருந்த உடைமுள் மரத்தின் கிளை படீரென்று முறிந்து விழுந்தது. அது அவள் தலைக்குச் சரியான உயரத்தில் இருந்த கிளை.

துடுக்கி எப்படி மரமேறினாள் என்று அவளுக்கே தெரியாது.

"பதில் மரியாதை பலமா இருக்கே" என்றான் கொக்கான். மரங்களெல்லாம் சிரித்தன.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கீழே பார்த்தாள். ஓர் இளங்குதிரை இடியனை உரசிக்கொண்டு போனது. இடியனின் காது மடிந்தது. அடுத்த நொடி பல் பாய்ந்தது. இன்னொன்று பின்னால் வந்தது. காது மடிந்தது, வால் சுழன்றது, கால் உதைத்தது. சற்றுத் தள்ளி, சாம்பலி என்ற பெண்குதிரை தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதுகள் முன்னால் திரும்பி, தளர்ந்து இருந்தன.

துடுக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாம்பலி அக்கா, அவர் காதை மடிச்சா என்ன அர்த்தம்?"

"கிட்ட வராதேன்னு அர்த்தம். இதையெல்லாமா கேப்பாங்க?"

"எங்க மரத்துல அதுக்கு வாங்கன்னு அர்த்தம்."

சாம்பலி மூக்கால் சிரித்தாள். "நல்லவேளை, எனக்கு மரம் ஏறத் தெரியாது."

அதற்குள் கொக்கான் இடியனுக்கு மேலே ஒரு கிளையில் போய் நின்றுவிட்டான். குதிக்கத் தயாராக வாலைத் தூக்கினான். கீழே காதுகள் மடிந்தன.

"எனக்கும் வணக்கம் சொல்றார், பாருங்க. பின்பக்கமாப் போனதுதான் இவ தப்பு" என்று கத்தினான்.

எல்லோரும் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் துடுக்கி தன் முட்டாள்தனத்தைத் தானே பறையடித்துச் சொன்னதாகும். மூடிக்கொண்டால் கொக்கானின் எலும்பு மிஞ்சாது.

"குதிக்காதேடா. அது வணக்கம் இல்ல, மிரட்டல். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். காதைப் பாரு, வாலைப் பாரு."

கொக்கான் பார்த்தான். வால் சாட்டைபோலச் சுழன்றது. ஒரு பின்னங்கால் ஏற்கெனவே தூக்கியிருந்தது. அவன் கிளையிலேயே பின்னுக்கு நகர்ந்தான்.

துடுக்கி இறங்கினாள். உதை எட்டாத தூரத்தில் இடியனைச் சுற்றிக்கொண்டு, சாம்பலியின் கண்ணில் படும்படி தோள்பக்கமாகப் போனாள்.

"அக்கா, நான்தான் வர்றேன்." கையை நீட்டினாள். சாம்பலி முகர்ந்தாள். காதுகள் முன்னால் வந்தன. "ஏறலாமா?"

"உங்க கூட்டத்துல இப்படிக் கேட்டு ஏறினவங்க யாருமில்ல. வா."

சாம்பலிதான் வரிசையில் கடைசி. குட்டியின் நடைக்கு அவள் நடந்தாள். சேறு முழங்கால்வரை ஏறியது. துடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சாம்பலியின் காதைவிட்டு நகரவில்லை.

முன்னால் போன குதிரையிலிருந்து கொக்கான் திரும்பினான். "கடைசிக் குதிரையில உட்கார்ந்துக்கிட்டு இவ்வளவு தெனாவட்டா?"

"ஆமா. உன் எலும்பெல்லாம் சரியா இருக்கில்ல?"

அவன் தன் குதிரையின் பிடரிமயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ஏய், இந்தக் குதிரையோட காது எப்படி இருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"முன்னாலதான் திரும்பியிருக்கு. ஆடாம உட்காரு."

அவனுக்கு முன்னால் இருந்த கிழக்குரங்கும் கழுத்தைத் திருப்பியது. "என்னோடதையும் பாரும்மா." அதற்கும் முன்னால் ஒரு குரல் அதையே கேட்டது. வரிசை சேற்றில் வளைந்து வளைந்து போனதால் எல்லாக் காதுகளும் துடுக்கிக்குத் தெரிந்தன. கடைசிக் குதிரையில் இருந்தபடியே அவள் வரிசை முழுவதற்கும் பதில் சொன்னாள். ஒருவர்கூட விழாமல் அக்கரை சேர்ந்தார்கள்.

புதிதாகச் சவாரி பழகுகிறவருக்குப் பெருமை, முரட்டுக் குதிரை 'வராதே' என்பதை அதன் பாஷையிலேயே புரிந்துகொண்டு விலகி நிற்பதில்தான் இருக்கிறது.