வெண்கலம் ஆறும்வரை

நாகமணிக்கு நாற்பது வயது; கணபதி பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை நடத்துபவர். அவருடைய சீடர் திருமலைசாமிக்கு அறுபத்தாறு. முப்பத்தோராண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். வீட்டின் கார் கொட்டகையில் சிறிய லேத் ஒன்றை நிறுவி, இரண்டாண்டுகளாக நாகமணியிடம் கடைசல் பயின்று வந்தார். அவரை 'டீச்சர்' என்றே அழைப்பார்.

ஒரு சனிக்கிழமைக் காலையில் சீடர் குருவைத் தம் வீட்டுக்கு அழைத்தார்.

அவர் மனைவி சரோஜினியின் சக்கர நாற்காலியில் ஒரு சக்கரம் ஆடிற்று. மிகப் பழைய நாற்காலி. உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. சக்கரக் குடத்தினுள் இறுக்கமாக அமர வேண்டிய புஷ் என்னும் வெண்கல வளையத்தைச் சீடர் இருமுறை கடைந்துவிட்டார். இரண்டும் கடைந்த சூட்டோடு பொருத்தியபோது இறுக்கமாகவே நுழைந்தன. மறுநாள் தளர்ந்து கழன்றன. இனி ஒரு புஷ்ஷுக்கு மட்டுமே வெண்கலம் இருந்தது. அன்று மாலை சரோஜினியின் கல்லூரிக்கால விடுதித் தோழியர் பூங்காவில் கூடுவதாக இருந்தது.

"இவர் கடைஞ்சு முடிக்கறதுக்குள்ள நானே எந்திரிச்சு நடந்து போயிருவனுங்க" என்றார் சரோஜினி.

சீடருக்கு அளவுகருவியின்மீதுதான் ஐயம். புதிதாக ஒரு மைக்ரோமீட்டரே வாங்கியிருந்தார். குரு அதை வாங்கிப் பார்த்து, நல்ல கருவி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். லேத்தில் உலோகத்தைப் பற்றும் சக்கில் செருகியபடியே விடப்பட்டிருந்த சாவியை உருவிச் சீடரின் சட்டைப்பையில் போட்டார். பிறகு கடையச் சொன்னார்.

பொன்னிறத் துகள்கள் தெறித்தன. எண்ணெய் புகைந்தது. இறுதிச் சீவல் மட்டும் எஞ்சியபோது குரு லேத்தை நிறுத்தி, அளந்து சுவரில் எழுதுமாறு பணித்தார். சீடர் சாக்கட்டியால் எழுதினார். அவர் கை மீண்டும் விசையை நாடிற்று.

"டீ கெடைக்குமுங்களா சார்?"

"இன்னும் ஒரே ஒரு சீவல்தானே டீச்சர்?"

"சக்கரை கம்மியா இருக்கட்டுமுங்க."

சீடர் முணுமுணுத்துக்கொண்டே தேநீர் வைத்தார். குரு அதை மெல்ல அருந்தியபடி, சரோஜினியிடம் விடுதி நாள்களைப் பற்றி விசாரித்தார். சீடர் இருமுறை எழுந்தார். முதன்முறை முறுக்கு கேட்டார் குரு. இரண்டாம் முறை இன்னொரு தம்ளர் தேநீர் கேட்டார். மணமான முப்பத்தேழு ஆண்டுகளில் தம் கணவர் யாருக்கும் இரண்டு முறை தேநீர் வைத்ததில்லை என்று சரோஜினி மகிழ்ந்து போனார்.

தம்ளரைக் கீழே வைத்த குரு, புஷ்ஷைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப அளங்க சார்."

சீடர் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் அளந்தார். சுவரில் எழுதியதைவிட மில்லிமீட்டரில் நூறில் நான்கு பங்கு குறைந்திருந்தது.

அவர் பழைய எண்ணை அழித்தார். பின்னர் புதிய அளவைக் கொண்டு கணக்கிட்டு, இறுதிச் சீவலை மெல்லியதாக எடுத்தார். இம்முறை அவராகவே உட்கார்ந்து காத்திருந்தார். நண்பகலில் புஷ் குடத்தினுள் இறங்கியது. சரோஜினி கொட்டகையை மூன்று முறை சுற்றி வந்தார், சக்கரம் ஆடவில்லை.

குருவை வழியனுப்ப வாயில்வரை சென்ற சீடர் தயங்கினார்.

"சூடேறினா உலோகம் விரியும்னு முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில எழுதிப் போட்டேன், டீச்சர். என் கையில இருக்கறப்ப அது எப்படித் தெரியாமப் போச்சு?"

நாகமணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கரும்பலகை சூடாகாதுங்க சார்."