சின்னத்துரையின் கப்பம்

நாணல்கோட்டை அருள்வரத ராஜாவுக்குப் படைபலம் குறைவு, பிரியம் அதிகம். அந்தப் பிரியம் அத்தனையும் ஒரு பூனை மேல். கப்பல் வியாபாரி ஒருவன் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைப் பூனை. பஞ்சுப் பொதிக்கு நாலு கால் முளைத்த மாதிரி இருக்கும். பெயர் சின்னத்துரை. ராஜா குடிக்கும் வெள்ளிக் கிண்ணத்தில்தான் அதற்கும் பால்; ஊற்றுவதும் ராஜாவேதான். அது போகும் வழியில் அரண்மனையில் ஒரு கதவும் மூடக் கூடாது.

ஒரு நாள் விடிந்தது. ராஜா கட்டிலில் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டார். வழக்கமாகக் குண்டுக்கரிச்சான் பாட்டைத் தொடங்கும். தையல்சிட்டு பின்பாட்டுப் பாடும். புதருக்குள்ளிருந்து கவுதாரி தாளம் போடும். அன்று தோட்டம் ஊமையாகக் கிடந்தது. யோசித்துப் பார்த்தால் நேற்றும் அப்படித்தான்.

"என் பறவைகள் எங்கே?"

தோட்டக்காவல் மாடக்கண்ணுவைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவன் வாயைத் திறப்பதற்குள் அரண்மனை மணியம் தாண்டவராயர் முந்திக்கொண்டார். அந்தக் காவல் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தர அவருக்கு வெகுநாளாக ஆசை.

"கண்ணி வைத்துப் பிடிக்கிறான், மகாராஜா. சந்தையில் விற்கிறான்."

"ஐயோ சாமி, நான் இல்லை! பூனைதான் தின்னுது. கூட்டுல இருக்கிற குஞ்சைத் தூக்குது. அணில், ஓணான் ஒண்ணும் மிச்சமில்லை. புதரடியில பாத்தா வெறும் எறகுதான் கெடக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் அவனைவிட்டு விலகிக்கொண்டார்கள். சின்னத்துரை மேல் கரண்டியை வீசிய சமையல்காரன் இப்போது பக்கத்துச் சீமையில் உலை வைத்துக்கொண்டிருக்கிறான்.

"வாயில்லா ஜீவன் மேல் பழியா?" என்று மணியம் பதறினார். "பாலும் சோறும் தவிர அது வேறொன்றைத் தொடாது. நான் சாட்சி. திருடனைச் சிறையில் போடுங்கள், மகாராஜா. திருடனுக்குச் சோறு போட்டவரையும் விடாதீர்கள். இவன் பெண்டாட்டியும் உடந்தைதான்."

"அப்படியே! பறவைத் திருடனை நாலு சுவருக்குள் அடைப்பேன். அவனுக்குச் சோறு போட்டவருக்கும் தண்டனை உண்டு. இது என் வாக்கு."

மாடக்கண்ணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மனைவி சுடலி நிறைமாதக்காரி. பிள்ளை சிறையிலா பிறக்க வேண்டும்?

ராஜாவின் பக்கத்தில் செண்பகவடிவு நின்றிருந்தாள். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் அடைப்பக்காரி. விடியற்காலையில் அவர் அறையைப் பெருக்குவதும் அவள்தான். காம்பைக் கிள்ளிக்கொண்டே அவள் சொன்னாள்: "மாடக்கண்ணு சொல்வது மெய், மகாராஜா."

"நீயுமா, வடிவு? மெய்யென்றால் சின்னத்துரையே ஒப்புக்கொள்ளட்டும்! யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. தானே நடந்து வந்து, திருடியதை என் காலடியில் வைக்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது.

"நல்லது. நாளைக் காலையே வைக்கும்" என்றாள் வடிவு. "ஒரே ஒரு வேண்டுகோள். கண்விழித்ததும் கண்ணாடியைப் பார்ப்பீர்களே, நாளைக்கு மட்டும் காலடியைப் பாருங்கள்."

மறுநாள் காலைவரை ராஜா தவணை கொடுத்தார். வெளியே வந்ததும் மாடக்கண்ணு அவளை மறித்தான்.

"அக்கா, எந்த ஊர்ப் பூனை குத்தத்தை ஒத்துக்கிடும்? மந்திரம் கிந்திரம் வெச்சிருக்கியா?"

"இல்லை தம்பி."

"அப்ப என்னதான் செய்யப்போற?"

"ஒண்ணும் செய்யப்போறதில்லை. அதுதான் கஷ்டம். ஆறு மாசப் பழக்கம், கை சும்மா இருக்காது."

மாடக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய், சுடலி போட்ட சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கிழக்கு வெளுத்தபோது ராஜாவின் அறையில் மூன்று பேர் சுவரோரம் நின்றார்கள். வடிவு, மணியம், மாடக்கண்ணு. ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகச் சின்னத்துரை உள்ளே குதித்தது. வாயில் ஏதோ கறுப்பும் வெள்ளையுமாய்த் தொங்கியது. நேரே கட்டிலடிக்கு நடந்து, ராஜா கழற்றிவிட்ட பாதக்குறட்டின் பக்கத்தில் அதை வைத்தது. குண்டுக்கரிச்சான். உடம்பில் சூடு ஆறவில்லை. தோட்டத்தில் பயந்து பதுங்கிக் கிடந்த கடைசிப் பாடகன் அதுதான்.

பூனை வாலைச் சுற்றி உட்கார்ந்து, எழுந்து வாங்கிக்கொள் என்பது போல ஒரு குரல் கொடுத்தது.

ராஜா விழித்தார். காலடியைப் பார்த்தார்.

"வடிவு, என்ன வசியம் செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை, மகாராஜா. இன்றைக்குப் பெருக்கவில்லை, அவ்வளவுதான்."

"விளங்கச் சொல்."

"பிடித்துப்போனவருக்கு வேட்டையில் பங்கு கொடுப்பது பூனையின் குணம். ஆறு மாதமாகத் தினமும் உங்களுக்குக் கப்பம் கட்டுகிறது. ராஜா விழிக்கும்போது அமங்கலம் கண்ணில் படக்கூடாது என்பது அரண்மனை வழக்கம். அதனால் நீங்கள் கண் திறக்குமுன் அள்ளிவிடுவேன். தோட்டம் காலியாவது என் முறத்துக்குத் தெரியும். பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

மாடக்கண்ணு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான்.

"இன்னொன்று, மகாராஜா. திருடனுக்குச் சோறு போட்டவருக்கும் தண்டனை என்றீர்கள். பால் ஊற்றிய கை எது என்று நானா சொல்ல வேண்டும்?"

மணியம் சுவரில் பல்லியைத் தேடினார். ராஜா தன் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு கட்டில் ஆட ஆடச் சிரித்தார்.

"மாட்டிக்கொண்டேன்! சரி, வாக்கு வாக்குதான். இனிச் சின்னத்துரைக்கு இந்த அறையும் கூடமும் மட்டும். ஜன்னலுக்கு வலை. வெளியே விடச் சொல்லி அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே தூங்குவது எனக்குத் தண்டனை. சும்மா கிடந்தால் அதற்கும் சலிக்குமே? தாண்டவராயரே, பாலும் சோறும் தவிர எதையும் தொடாது என்று சாட்சி சொன்னீர் அல்லவா? தினமும் இரண்டு நாழிகை, நூலில் இறகைக் கட்டி அதன் முன்னால் ஆட்டும்!"

வடிவுக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. சுடலியின் பிள்ளை தோட்டத்து வீட்டிலேயே பிறந்தது. மழைக்காலம் போய் வெயில் வந்ததும் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பறவைகள் ஒவ்வொன்றாக வந்து கூடு கட்டின.

ஒரு விடியலில் குண்டுக்கரிச்சான் பாடி ராஜாவை எழுப்பியது. அவர் காலடியைப் பார்த்தார். பழக்கத்தை விடாத சின்னத்துரை, கப்பத்தை வைத்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருந்தது. நூலாட்டிக் களைத்த மணியம் கூடத்தில் கழற்றி வைத்த தலைப்பாகைதான் அன்றைய கப்பம். அதன் இறகுக் குஞ்சம் பிய்ந்து தொங்கியது.

"வடிவு! முறத்தைக் கொண்டு வா!"

வடிவு எட்டிப் பார்த்தாள்.

"கிடக்கட்டும், மகாராஜா. இந்தப் பறவை போனால் தோட்டத்துக்கு நஷ்டமில்லை."