சக்கரம் நின்றதை நினைத்து அழுத நண்டு

மலைச் சரிவில் ஒரு பழைய வாய்க்கால் ஓடியது. அதன் மண் கரையில் கொடுக்கன் என்ற நண்டு குடியிருந்தது. வாய்க்கால் முடியும் இடத்தில் ஒரு பெரிய மரச் சக்கரம். அதன் அடியில் இருந்த குழியில் மரகதம் என்ற தவளை தன் தலைப்பிரட்டைகளை வளர்த்து வந்தது.

ஒரு காலத்தில் அந்த மலையில் சுரங்கம் இருந்தது. மனிதர்கள் அருவித் தண்ணீரை மலையைச் சுற்றிக் கொண்டுவந்து சக்கரத்தின் மேல் விழச் செய்தார்கள். சக்கரம் சுற்றும். அதன் வேகத்தில் சம்மட்டிகள் தாதுக் கல்லை உடைக்கும். மலையே அந்தச் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தது. பிறகு தாது தீர்ந்தது. மனிதர்கள் போய்விட்டார்கள். வேலையில்லாத சக்கரம் சும்மாவே சுற்றிக்கொண்டிருந்தது. பாவம், அதுவும் ஒரு நாள் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து கொடுக்கனுக்குப் புலம்பலே வேலை.

"கடகடன்னு என்னமா சுத்தும்! அந்தச் சத்தத்தைக் கேட்காம எனக்குச் சோறே இறங்கலையே!" என்று சொல்லும். சொல்லிவிட்டு வயிறு முட்டத் தின்னும்.

அந்தக் கோடையில் சக்கரக் குழி வற்றிச் சேறு தெரிந்தது. தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. மரகதம் பதறிப்போய் வாய்க்கால் வழியே மேலே தத்தி வந்தது.

"கொடுக்கண்ணே! தண்ணி எங்கே போகுது? என் பிள்ளைங்க சாகப்போகுதுங்க!"

"காட்டெருமை குடிச்சிருக்கும்! இல்லேன்னா அருவி வத்தியிருக்கும். அந்தக் காலத்துல இப்படியா இருந்துச்சு, மரகதம்?"

"அருவி வத்தலைண்ணே! உன் வீட்டுக்கு மேலே வாய்க்கால் நிறைய ஓடுது. உன் வீட்டுக்குக் கீழே வெறும் ஈரம்தான் இருக்கு!"

கொடுக்கன் திரும்பிப் பார்த்தது. அதன் வளைக்கு முன்வாசல் வாய்க்காலுக்குள். பின்வாசல் பள்ளத்தைப் பார்த்து. தண்ணீர் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் கொட்டிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் காலையில் சுரங்கத்து ஆள் ஒருவன் களிமண் கூடையோடு வந்து அந்த வாசலை அடைப்பான். "உருப்படுவானா இவன்!" என்று கொடுக்கன் திட்டும். சுரங்கம் மூடியதும் முதல் வேலையாக வாசலை அகலமாக்கிக்கொண்டதும் கொடுக்கன்தான்.

"அப்போ சக்கரத்தை நிறுத்தினது... நானா?"

"நீதாண்ணே! அழுறதை அப்புறம் வச்சுக்க, இப்போ அடை!"

பலமுறை ஓடு கழற்றிக் கொடுக்கன் வளர்ந்த வீடு அது. ஆனாலும் சேற்றை இழுத்து இழுத்துத் தன் வாசலைத் தானே அடைத்தது. தண்ணீர் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு கீழே ஓடியது. மரகதம் அதோடு சேர்ந்து பிள்ளைகளிடம் ஓடியது.

பொழுது சாய்ந்தது. வீடில்லாத கொடுக்கன் ஒரு கல்லடியில் ஒதுங்கியிருந்தது. கீழேயிருந்து, "கிறீச்!" என்றது ஏதோ. மறுபடியும் ஒரு கிறீச். அப்புறம் மெதுவாக, கட... கட...

கொடுக்கன் அழுதது. ஆனால் புலம்பவில்லை. மறுநாள் காலை, கூடைக்காரன் நடந்த அதே கரையில், மற்ற ஓட்டைகளை அடைக்க, கொடுக்கில் களிமண்ணோடு அது பக்கவாட்டில் நடந்து போனது.

போனதை நினைத்து அழுவதற்கு முன்னால், அது போனதில் நம் கை எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.