கேட்காமல் போட்ட ‘இல்லை’

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. மூக்குக்கண்ணாடி உண்டு, தீராத கழுத்து வலி உண்டு. பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சீடர் பெயர் தங்கப்பழம் அண்ணாச்சி. குருவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், சரக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதை மூடியதும் யார் யாரையோ பிடித்து இங்கே வந்து சேர்ந்தார்.

நான் பக்கத்து மருந்துக் கவுண்டர்காரன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும்.

வந்த முதல் வாரம் அண்ணாச்சிக்குப் பாடம் நடந்தது. ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். பெயரைப் பார்த்து ஃபைலை எடுக்கக்கூடாது, நம்பரைப் பார்த்து எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் வயதைக் கேட்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். யாருக்கு என்ன வியாதி என்பது இந்த ரூம் வாசலோடு நிற்க வேண்டும், வீட்டில் பொண்டாட்டி கேட்டாலும் சரி. அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சும்மா சொல்லக்கூடாது, சீக்கிரமே பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது.

பழைய காகித ஃபைல்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த சமயம் அது. அதில் ‘ஒத்துக்காத மருந்து’ என்று ஒரு கட்டம் வரும். உண்டு, இல்லை என்று இரண்டு பொத்தான். ஏதாவது ஒன்றை அமுக்கினால்தான் அடுத்த பக்கத்துக்கே போகும். ஆனால் பழைய ஃபைல்கள் பலவற்றில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

“காயிதத்துல காலியா கிடக்கு மேடம். காலின்னா இல்லைன்னுதான அர்த்தம்?” என்று அண்ணாச்சி கேட்டார்.

தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு அப்படித்தான். அங்கே கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் எவனாவது எதையாவது எழுதிவைப்பான். சரக்கு இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதி அடைத்துவிட வேண்டும். அந்த விஷயத்தில் அண்ணாச்சி ரொம்பக் கறார் என்று பேர் வாங்கியவர்.

குரு கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே அவரைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்குச் சுகர் இருக்கா?”

“இல்லை மேடம்.”

“எப்ப டெஸ்ட் பண்ணினீங்க?”

“பண்ணினதே இல்லை.”

“அப்ப நான் என்னன்னு எழுத?”

“இல்லைன்னே எழுதுங்க. நல்லாத்தான இருக்கேன்.” சொல்லிவிட்டு அண்ணாச்சி சிரித்தார்.

குரு சிரிக்கவில்லை. மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கவுண்டரில் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார். இரண்டு ஆள் வேலையை இரண்டு வருஷமாக ஒற்றை ஆளாகப் பார்த்தவர் அவர். பாடத்தை முடிக்க அவருக்கு எங்கே நேரம்?

காலியாக இருக்கிற ஃபைல்களை மூலையில் தனியாக அடுக்கி வைக்கச் சொன்னார். அந்த நோயாளி அடுத்த தடவை வரும்போது வாயால் கேட்டு, அப்புறம் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் வந்த இந்த இரண்டு வருஷமாக அவர் அப்படித்தான் செய்து வந்தார். ஊசி, மாத்திரை எதுவும் ஒத்துக்காமல் போயிருக்கிறதா, தடிப்பு, மூச்சடைப்பு, மயக்கம் ஏதாவது வந்ததா என்று ஒவ்வொரு ஆளிடமும் கேட்பார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். காது கேட்காத கிழவர் வந்தால் கவுண்டரை விட்டு வெளியே வந்து காதுக்குள் கேட்பார். கூட வந்தவரைத் திரும்பக் கேட்பார். அதற்குப் பலன் இருந்தது. திரையில் ‘இல்லை’ என்று இருந்தால் எங்கள் டாக்டர்களும் நர்ஸ்களும் இன்னொரு தடவை கேட்கமாட்டார்கள். அந்தம்மா போட்டதென்றால் போட்டதுதான் என்பார்கள். சம்பளம் கூடாத ஆஸ்பத்திரியில் அவர் சம்பாதித்தது அந்த ஒரு பேர்தான்.

மூலையில் ஃபைல் ஏறிக்கொண்டே போனது. இன்ஸ்பெக்‌ஷன் வரப்போகிறது என்று சொன்னார்கள். நிர்வாகி வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த பிறகும் இதென்ன குப்பை, வேலை செய்ய இஷ்டம் இருக்கிறதா இல்லையா என்று நோயாளிகள் நிற்கும்போதே சத்தம் போட்டார். மூன்றாவதாக ‘கேட்கவில்லை’ என்று ஒரு பொத்தான் வைத்துத் தரச் சொல்லிக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்று குரு சொன்னார். நிர்வாகி காதில் அது ஏறவில்லை. அவர் போன பிறகு குரு தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அண்ணாச்சிதான் பொறுக்காமல் என்னிடம் வந்து, “தங்கச்சி மாதிரிப் பிள்ளையை இப்படி நாலு பேர் முன்னால வச்சுப் பேசுதாரே” என்று புலம்பினார்.

அதற்குப் பிறகு மூலை குறைய ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் தரை தெரிந்தது. நிர்வாகி வந்து பார்த்து, அண்ணாச்சி தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வருகிறவர்களிடம் அண்ணாச்சி கேட்டுக் கேட்டு ஏற்றுகிறார் என்று குரு நினைத்துக்கொண்டார். விசாரிக்கவில்லை. தலைக்கு மேல் இருந்த பாரம் இறங்கினால் யார்தான் விசாரிப்பார்கள்?

சீனியம்மாள் என்று ஒரு அம்மா, காலில் முள் குத்திச் சீழ் பிடித்து வந்து மாடி வார்டில் சேர்ந்தார். டாக்டர் ஊசி எழுதினார். நர்ஸ் திரையைப் பார்த்தார். ‘இல்லை’ என்று இருந்தது. போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. நான்தான் மாற்று மருந்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.  டாக்டர்கள் போராடி உயிரை மீட்டார்கள்.

கீழே வந்தபோது குரு பழைய ஃபைலை எடுத்து விரித்து வைத்திருந்தார். கட்டம் காலி. திரையில் ‘இல்லை’.  அண்ணாச்சியே சொன்னார்.

“நான்தான் மேடம்.”

“கேட்டீங்களா?”

“கேக்கல.”

“இது ஒண்ணுதானா?”

அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். மூலையில் இருந்ததில் அவருக்குத் தோன்றியதற்கெல்லாம் ‘இல்லை’ என்று அமுக்கியிருக்கிறார். சிலரிடம் கேட்டிருக்கிறார், பலரிடம் கேட்கவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது கூட்டம் சேர்ந்தால் புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படியே. மொத்தம் எத்தனை இருக்கும் என்றார் குரு. தெரியவில்லை என்றார் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸில் ஒரு கட்டு குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்.

குரு அவரை மாடிக்குக் கூட்டிப்போனார். சீனியம்மாளிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான். எனக்குச் சிரிஞ்ச் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை இருந்தது, நானும் வார்டில் இருந்தேன்.

சீனியம்மாளுக்கு முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. குரு கட்டில் பக்கத்தில் நின்று, “கேளுங்க அண்ணாச்சி” என்றார்.

 அண்ணாச்சி கட்டிலோரம் குனிந்து கேட்டார். “அம்மா, உங்களுக்கு முன்னால ஏதும் ஊசி மருந்து ஒத்துக்காம போயிருக்கா?”

அந்த அம்மா அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“போயிருக்கே ஐயா. மூத்தவன் பொறந்தப்ப இதே மாதிரிதான் ஆச்சு. செத்துப் பொழைச்சேன்.” மூச்சு வாங்கிவிட்டு, அவரே சமாதானமும் சொன்னார். “நீங்க யாரும் கேக்கலையா, நானா எப்படிச் சொல்ல? டாக்டருக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு கம்முனு இருந்துட்டேன்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அண்ணாச்சி மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். குரு பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. இரண்டு பேரும் அவ்வளவு அசந்து போயிருந்தார்கள்.

“நான் நின்னுக்கிடுதேன் மேடம்” என்றார் அண்ணாச்சி கடைசியில். “எனக்கு இந்த வேலை வேண்டாம்.”

“நீங்க நின்னுட்டா, போட்ட ‘இல்லை’யும் நின்னுருமா?”

 மறுநாள் காலையில் அண்ணாச்சி வேலைக்கு வந்தார்.

இரண்டு வருஷமாக வராத கம்பெனிக்காரர் அந்த வாரமே வந்தார். நிர்வாகி போட்ட போன் அப்படி. கையோடு மூன்றாவது பொத்தானையும் வைத்துவிட்டார். ‘கேட்கவில்லை.’ இனிமேல் அதையும் அமுக்கலாம். அதை அமுக்கினால் நர்ஸ் பார்க்கிற திரையில் சிவப்பாகத் தெரியும், கேட்காமல் ஊசி போட முடியாது. ஏற்கெனவே தப்பாகப் போட்ட ‘இல்லை’களைச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே அடியில் ‘கேட்கவில்லை’ என்று மாற்றித் தருகிறேன் என்றார். எதெது என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

தேதியை வைத்துப் பிரிக்க முடியுமா என்று குரு கேட்டார். முடியாது என்றார் அவர். நோயாளி ஒவ்வொரு தடவை வரும்போதும் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து மூடுகிறீர்கள், அப்போதெல்லாம் தேதி மாறிவிடும், கடைசித் தேதி மட்டும்தான் நிற்கும், அதுவும் இந்தப் பொத்தானை வைத்ததில் எல்லாவற்றுக்கும் இன்றைய தேதியாகிவிட்டது. யார் போட்டது என்று பார்க்கலாமே என்று அவரே சொல்லிவிட்டு, பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரி வாங்கியது ஒரே ஒரு பாஸ்வேர்ட். இரண்டு பேரும் அதைத்தான் போட்டுத் திறந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்தான் இருந்தது. செண்பகவல்லி.

குரு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“எல்லா ‘இல்லை’யையும் மாத்திருங்க” என்றார்.

கம்பெனிக்காரர் அவரை ஒரு தடவை பார்த்தார். எல்லாவற்றையுமா என்று கேட்டார். ஆமாம் என்றார் குரு. மாற்றினால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று அவர் எச்சரித்தார். தெரியும் என்றார் குரு.

அண்ணாச்சிதான் துடித்துப்போய்விட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, கம்பெனிக்காரர் கைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்றார்.

“மேடம், வேண்டாம். அதுல முக்கால்வாசி நீங்க கேட்டது. ரெண்டு வருஷம். ஒவ்வொரு ஆளையும் நிக்க வச்சு, காதுக்குள்ள போய்க் கேட்டு எழுதினது. நான் பண்ணின தப்புக்கு அதையும் சேத்து அழிக்கணுமா? என்னோடதை மட்டும் அழிங்க.”

குரு திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பெயர் பெயராக இறங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ‘இல்லை’, அதன் கீழே அவர் பெயர். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். விரலை ஒரு வரிமேல் வைத்தார், எடுத்தார், அடுத்த வரிமேல் வைத்தார்.

“சரி அண்ணாச்சி” என்றார் குரு. கோபமே இல்லாத குரல். “நான் கேட்டது எதுன்னு காட்டுங்க. அதை விட்டுருவோம்.”