சாம்பார் பார்சல்

பஸ் ஸ்டாண்ட் இட்லிக்கடையில் பார்சல் கட்டுகிறவள் சொர்ணக்கிளி. காலையில் அங்கிருந்த பிளாஸ்டிக் கவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே அள்ளிப்போன சுகாதார அதிகாரி, சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினார்.

“நாலு இட்லி, சாம்பார். பார்சல்.”

“பாத்திரம் கொண்டாந்தீங்களா சார்?”

“இல்லை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “கவர்ல கட்டிக் குடு.”

“கவர் எல்லாத்தையும் நீங்கதான சார் அள்ளிட்டுப் போனீங்க!” என்றாள், கடைக்கே கேட்கும்படி.

அவர் முகம் சிவந்தது. “அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு சொட்டு சிந்தாம சாம்பார் வீட்டுக்குப் போகணும். இல்லைன்னா கடைக்குப் பூட்டுதான்!”

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. சொர்ணக்கிளி கரண்டியை எடுத்தாள்.

“அப்போ ஹெல்மெட்டை மல்லாத்திப் பிடிங்க சார். அதுவும் பிளாஸ்டிக்தான். ஆனா ஒரு தடவையோட தூக்கிப் போடுறதில்லையே, சட்டம் ஒண்ணும் சொல்லாது.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. அதிகாரி பைக்கைக் கிளப்பினார். அரைமணி நேரத்தில் தூக்குவாளியோடு திரும்பி வந்து, வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.